டைமிங் மார்க் கரெக்டா இருக்கு, ஆனா வண்டி இழுக்கல – அம்பாசடர் மார்க் 2

பள்ளத்தூர்_மார்க்2

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தவன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போயிருச்சு பொறுத்துக்கோங்க.

எங்க ஐயாவோட அம்பாசடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல். ஐயா போனதுக்கு அப்புறம் பள்ளத்தூர் வீட்டு பின்னாடி ஷெட்டுல இருபது வருஷத்துக்கு மேல நின்னுச்சு. வீட்டையே திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் தொறக்குறோம், இதுல வண்டியை யார் பார்க்குறது. போன வருஷம் பங்காளிக எல்லாரும் பேசி செலவை பங்கு போட்டு வெளிய எடுத்தோம். எஞ்சின் முழுசா பிரிச்சு ரீபோர் பண்ணி பிஸ்டன், பேரிங், வால்வு எல்லாம் புதுசு, ரேடியேட்டருக்கு புது கோர், வயரிங் புதுசு, சீட்டு புதுசு. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறை போட்டு கரண்ட் பிரிச்சு குடுக்குறது) மட்டும் பழசேதான், அதுல பாயிண்ட் (கரண்டை விட்டு விட்டு வெட்டுற முனை), கண்டென்சர், ரோட்டர், மேல் மூடி கேப் மாத்தியாச்சு.

பிரச்சனை என்னன்னா காலையில சோக் இழுத்து செல்ஃப் போட்டா டக்குனு புடிக்குது, ஸ்லோ அழகா நிக்குது, கேக்கவே சுகமா இருக்கு. ஆனா ரோட்டுக்கு வந்தா இழுவையே இல்ல. டாப் கியர்ல 50ஐ தாண்டினா மூச்சு முட்டுது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் சத்தம்தான் ஏறுதே ஒழிய வண்டி ஏறல, காரைக்குடி போய் சேர்றதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு மேல போயிருது. ஒரு நாள் சாயங்காலம் ஷெட்டுக்குள்ள கரண்ட் இல்லாத நேரம் ரேஸ் பண்ணி பார்த்தோம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அடுப்புக்கரி மாதிரி செவந்து நிக்குது.

வேலை பார்த்த வொர்க்‌ஷாப்ல பல்பு வச்சு செக் பண்ணி டைமிங் (பிளக்ல நெருப்பு விழற நேரம்) புள்ளி வச்ச மாதிரி இருக்கு, கார்பரேட்டரை பாருங்கன்னுட்டாங்க. கார்பரேட்டர் ஆளு வந்து பார்த்துட்டு இதுல ஒண்ணுமில்ல டைமிங்கை பாருங்கன்னுட்டாரு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கையை காட்டுறாங்க, நடுவுல நான் நிக்குறேன்.

ஒரு நாள் பொறுமை இல்லாம நானே டிஸ்ட்ரிபியூட்டரை லேசா திருப்பி அட்வான்ஸ் வச்சேன், அதாவது நெருப்பு இன்னும் கொஞ்சம் முன்னாடியே விழற மாதிரி. நம்ப மாட்டீங்க, வண்டி பறந்துச்சு. ஆனா மறுநாள் காலையில செல்ஃப் போட்டதும் டொக்குனு ஒரு உதை, செல்ஃப் மோட்டாரே போச்சுன்னு நெனச்சேன், அதோட மெதுவா போயிட்டு மிதிச்சா சலங்கை கட்டுன மாதிரி சத்தம். பயந்து போய் பழையபடியே வச்சுட்டேன்.

தை மாசம் தம்பி கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான்னு அப்பத்தா முடிவே பண்ணிட்டாங்க. யாராச்சும் வழி சொல்லுங்க.

தேவகோட்டை_டாக்சி

அண்ணே முதல்ல பெட்ரோலை பாருங்க. இப்போ பங்க்ல ஊத்துறதுல 20 சதவீதம் எத்தனால், நம்ம வண்டி கார்பரேட்டர் ஜெட்டெல்லாம் சுத்த பெட்ரோலுக்கு வச்சது, அதனால மிக்சர் கொஞ்சம் லீனா (காத்து கூடி, பெட்ரோல் கம்மியா) போகும், லீனா போனா ஹீட் ஏறும் இழுவை குறையும். நான் ஓட்டுற பழைய வண்டியில மிக்சரை ஒரு பொடி ரிச் பண்ணதும் சரியா போச்சு. பெட்ரோல் ஓஸையும் மாத்திருங்க, பழைய ரப்பர் இந்த பெட்ரோலுக்கு ஊறி உப்பிரும்.

பாயிண்ட்_செட்

தேவகோட்டைக்காரர் சொல்ற ஓஸ் விஷயம் சரி, அதை கண்டிப்பா மாத்துங்க தம்பி. ஆனா மேனிஃபோல்டு செவக்குற அளவுக்கு எத்தனால் மட்டும் பண்ணாது. அதை விட முக்கியமான தகவலை நீங்களே கடைசியில போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க.

ஸ்லோவுக்கு சரியா வச்சா ரோட்டுல இழுக்கல, ரோட்டுல இழுக்குற மாதிரி வச்சா செல்ஃப் திருப்பி உதைக்குது. இந்த ரெண்டும் ஒரே வண்டியில இருந்தா நீங்க டிஸ்ட்ரிபியூட்டரை எங்க திருப்பி வச்சாலும் வேலைக்கு ஆகாது, ஏன்னா வண்டிக்கு ஒரே ஒரு டைமிங் கிடையாது. பிளக்ல நெருப்பு விழுந்து உள்ள இருக்குற பெட்ரோல் காத்து முழுசா எரியறதுக்கு கொஞ்சம் நேரம் புடிக்கும், அந்த நேரம் ஸ்லோவுலயும் ஃபுல் ஸ்பீடுலயும் பெருசா மாறாது, ஆனா பிஸ்டன் ஓடுற வேகம் நாலஞ்சு மடங்கு ஆயிருது. அதனால வேகம் ஏற ஏற நெருப்பை முன்னாடியே போடணும். பிஸ்டன் மேல உச்சிக்கு வர்றதுக்கு எவ்வளவு முன்னாடின்னு கிராங்க் (எஞ்சின் தண்டு) சுத்துற டிகிரியில சொல்லுவாங்க. இந்த எஞ்சின்ல ஸ்லோவுல அஞ்சு ஆறு டிகிரின்னா மூவாயிரம் ஆர்பிஎம் பக்கம் போகும்போது 30 டிகிரி பக்கம் வந்தாகணும். அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் வயித்துக்குள்ள இருக்குற ரெண்டு வெயிட்டும் ரெண்டு ஸ்பிரிங்கும் பார்க்குது. அது அசையலன்னா எந்நேரமும் அஞ்சு டிகிரிலயே நிக்கும், நெருப்பு லேட்டா விழும், எரியற பெட்ரோல் பிஸ்டனை தள்ளாம எக்ஸாஸ்ட்ல போய் எரியும். உங்க மேனிஃபோல்டு செவக்குறது அதான், ரேடியேட்டர் கொதிக்குறதும் அதான்.

வொர்க்‌ஷாப்காரங்க பொய் சொல்லல. பல்பு வச்சு பார்க்குறது எஞ்சின் நிக்கும்போது பார்க்குறது, அதுல ஓடும்போது என்ன நடக்குதுன்னு தெரியவே தெரியாது.

ஒரு நிமிஷ டெஸ்ட் சொல்றேன். இக்னிஷன் ஆஃப் பண்ணிட்டு கேப்பை கழட்டுங்க, ரோட்டரை விரலால புடிச்சு அது சுத்துற திசையில, அதாவது மேல இருந்து பார்த்தா கடிகாரத்துக்கு எதிர் திசையில, லேசா முறுக்குங்க. கொஞ்சம் நகரணும், விட்டா ஸ்பிரிங் இழுத்து தானா திரும்பி வரணும். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.

மதுரை_ஸ்பானர்

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, பாயிண்ட்டை தூக்கி போட்டுட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டுருங்க. கேப்புக்குள்ள அடங்கிரும், வெளிய பார்த்தா தெரியாது. பாயிண்ட் இடைவெளி அளவு பார்க்குற தொல்லையே இருக்காது.

பாயிண்ட்_செட்

கிட் நல்லதுதான், நான் எதிரி இல்ல. ஆனா அந்த கிட் பாயிண்ட்டுக்கு பதில் மட்டும்தான் வேலை செய்யும், கீழ இருக்குற வெயிட்டும் ஸ்பிரிங்கும் அதே பழசுதான் இருக்கும். அது இறுகி கெடந்தா கிட் போட்ட பிறகும் இதே கதைதான், என்ன, காசு செலவு பண்ணிட்டு அதே கதையை கேக்கணும்.

பள்ளத்தூர்_மார்க்2

அண்ணே, ரோட்டர் கல்லு மாதிரி இருக்கு. ஒரு நூல் கூட நகரல. பயந்து ரொம்ப முறுக்கல.

இன்னொண்ணு, காரைக்குடியில தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட டைமிங் லைட் (பிளக்ல நெருப்பு விழும்போதெல்லாம் மின்னுற லைட்டு) இருந்துச்சு, வாங்கிட்டு வந்து ராத்திரி அடிச்சு பார்த்தோம். இந்த எஞ்சின்ல டைமிங் பல்லு (டிகிரி காட்டுற கூர்) முன் கவரோட அடிப்பக்கத்துல இருக்கு, அதனால என் பங்காளி ஒருத்தன் வேட்டியை மடிச்சு கட்டிட்டு பாயை விரிச்சு அடியில படுத்துட்டான். ஸ்லோவுல புல்லியில இருக்குற நாட்ச் (வெட்டு) அஞ்சு டிகிரி பல்லுகிட்ட நிக்குது. ரேஸ் பண்ணா அங்கேயே நிக்குது. இன்னும் ரேஸ் பண்ணாலும் அங்கேயேதான். எனக்கு முதல்ல இது நல்லது போலன்னுதான் தோணுச்சு, ஆடாம நிக்குதேன்னு.

பாயிண்ட்_செட்

ஆடாம நிக்குறதுதான் வியாதி. ஆனா டிஸ்ட்ரிபியூட்டரை கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் உறுதி பண்ணிக்கலாம், ஏன்னா எஞ்சின் முழுசா பிரிச்சு பூட்டுன வண்டி, வேற புல்லியோ வேற கவரோ மாறி இருந்தா மார்க்கே பொய் சொல்லும், பொய் மார்க்கை நம்பி எத்தனை டைமிங் வச்சாலும் வீண்.

பழைய பிளக் ஒண்ணை உள்ள இருக்குற பீங்கானை உடைச்சு எடுத்துட்டு, அதுக்குள்ள ஒரு போல்ட்டை வச்சு வெல்டு பண்ணி முனையை உருட்டி விடுங்க. நாலு பிளக்கையும் கழட்டி பேட்டரி வயரையும் எடுத்துட்டு, ஒண்ணாம் நம்பர்ல இதை மாட்டி ஹேண்டில் போட்டு மெதுவா, ரொம்ப மெதுவா சுத்துங்க. பிஸ்டன் போல்ட்டுல முட்டி நிக்கும், புல்லியில ஒரு கோடு. எதிர் பக்கம் சுத்தி அங்க முட்டுற இடத்துல இன்னொரு கோடு. ரெண்டுக்கும் சரி நடுவுல இருக்குறதுதான் உண்மையான டாப், அதாவது பிஸ்டன் மேல உச்சிக்கு வர்ற இடம். அது நாட்ச்சோட ஒத்துப்போனா, அதாவது நீளமான பல்லுக்கு நேரா வந்தா, மார்க்கை நம்பலாம். பக்கத்துல இருக்குற மத்த ரெண்டு பல்லும் 5, 10 டிகிரி.

ஹேண்டில் போடும்போது கட்டைவிரலை மத்த விரலோட ஒரே பக்கம் வச்சு புடிங்க. பிளக் இல்லாதப்போ உதைக்காது, இருந்தாலும் பழக்கத்துக்கு.

குன்றக்குடி_மயில்

நாங்க வேலை கத்துக்கிட்ட காலத்துல லைட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. டாப் கியர்ல முப்பதுல போயி ஒரே மிதி மிதிப்போம், லேசா சலங்கை சத்தம் வந்து உடனே அடங்குற இடத்துல பூட்டிருவோம். இன்னிக்கும் நான் அப்படித்தான் வைக்குறேன், ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்ல. இப்ப ஆளாளுக்கு டிகிரி டிகிரின்னு பேசிக்கிட்டு.

பாயிண்ட்_செட்

ஐயா சொல்றது நல்ல முறைதான், மேனுவல்லயே கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கு. ரெண்டு சின்ன விஷயம் மட்டும். அட்வான்ஸ் அசையற டிஸ்ட்ரிபியூட்டர்லதான் அது சரிப்படும், இந்த தம்பி வண்டியில அதை செஞ்சதுனாலதான் செல்ஃப் உதைச்சுச்சு. இன்னொண்ணு, அன்னிக்கு பெட்ரோல் ஆக்டேன் கம்மி, கொஞ்சம் அட்வான்ஸ் கூடினாலே சத்தம் போட்டு சொல்லிரும். இப்போ வர்ற பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் சத்தம் போடாது, காது சொல்றதுக்குள்ள நாம தாண்டிப் போயிருவோம். உங்க காது எங்க காதை விட நல்ல காது, அதை மறுக்கல.

குன்றக்குடி_மயில்

அது சரி. பெட்ரோல் மாறினது உண்மைதான்.

பள்ளத்தூர்_மார்க்2

போல்ட் வச்ச பிளக் புதுவயல் வெல்டிங் கடையில செஞ்சு வாங்கிட்டேன், எதுக்குன்னு அவருக்கு விளக்குறதுக்குத்தான் அரை மணி நேரம் ஆச்சு. டாப் சரியா நீளப் பல்லுக்கு நேரா வருது. மார்க் உண்மை.

இப்ப டிஸ்ட்ரிபியூட்டரை கழட்டலாமா? திருப்பி மாட்டும்போது டைமிங் மாறிருமேன்னு பயமா இருக்கு.

பாயிண்ட்_செட்

பயப்படாதீங்க. ஒண்ணாம் நம்பர் டாப்ல வச்சு ரோட்டர் எந்த பக்கம் பார்க்குதுன்னு போட்டோ எடுத்துக்கோங்க, கேப் வயருக்கும் ஒரு போட்டோ, சிலிண்டர் வரிசை 1-3-4-2 கடிகாரத்துக்கு எதிர் சுத்துல வரணும். டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தை இறுக்கி புடிக்கிற கிளாம்ப் போல்ட்டை தொடாதீங்க, அந்த கிளாம்ப் தகட்டை பிளாக்கோட சேர்த்து புடிக்கிற ஸ்க்ரூவை மட்டும் கழட்டி தகட்டோட சேர்த்து உருவுங்க. அப்போ திருப்பி போடும்போது பழைய இடத்துலயே உக்காரும். கீழ இருக்குற நாக்கு நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும், அதனால 180 டிகிரி மாத்தி மாட்டவே முடியாது. வெளிய இருக்குறப்போ எஞ்சினை மட்டும் யாரும் சுத்தாம பார்த்துக்கோங்க, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா கியர்ல போட்டு வச்சுருங்க.

வெளிய எடுத்ததும் பாயிண்ட் தகட்டை புடிக்கிற ரெண்டு ஸ்க்ரூவை கழட்டுனா கீழ வெயிட் தெரியும். அங்க ரெண்டு ஸ்பிரிங் இருக்கும், ஒண்ணு மெல்லிசு, ஒண்ணு தடிமன். தடிமன் ஸ்பிரிங் கொக்கி நீளமா, மாட்டினா லொடலொடன்னு லூசா இருக்கும். அது தேஞ்சு போய் லூசாகல, அப்படித்தான் இருக்கணும். ஆரம்ப வேகத்துல மெல்லிசு ஸ்பிரிங் மட்டும் இழுத்து புடிக்கும், அட்வான்ஸ் வேகமா ஏறும், வெயிட் ஒரு அளவு விரிஞ்ச பிறகு தடிமன் ஸ்பிரிங் இறுகி அட்வான்ஸ் ஏறுற வேகத்தை குறைக்கும். தெரியாதவங்க இதை லூசா இருக்குன்னு இறுக்கிருவாங்க, அதோட கதை முடிஞ்சுது. உங்களோடது எப்படி இருக்குன்னு பாருங்க.

பள்ளத்தூர்_மார்க்2

அண்ணே நீங்க ஜோசியம் பார்ப்பீங்களா.

பிரிச்சாச்சு. உள்ள பழைய கிரீஸ் காஞ்சு தார் மாதிரி, அதுக்கு மேல வொர்க்‌ஷாப்ல புது கிரீஸை அள்ளி அப்பி வச்சிருக்காங்க, சுத்தம் பண்ணாமலேயே. பாயிண்ட் கேம் நடுத்தண்டோட துரு புடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நாள் மண்ணெண்ணெயில ஊற வச்சு, துரு விடுற ஸ்ப்ரே அடிச்சு, முகப்புத் திண்ணையில உக்காந்து மெதுவா ஆட்டி ஆட்டி எடுத்தேன். கீழ ஆத்தங்குடி கல்லு, பேப்பர் விரிக்காம உக்காந்துட்டேன், எண்ணெய் கறை பட்டு அப்பத்தாகிட்ட வாங்கினது தனிக்கதை.

தடிமன் ஸ்பிரிங் கொக்கியை யாரோ இடுக்கியால நசுக்கி இறுக்கி இருக்காங்க. துரு போன பிறகும் வெயிட் அசையறதுக்கே கஷ்டப்பட்டுச்சு, அதான் காரணம். இது இப்போ பண்ணதா ஐயா காலத்துலயே பண்ணதான்னு தெரியாது, கொக்கி மேலயும் பழைய தார் ஒட்டியிருந்துச்சு, அதனால யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்.

கேம் தகட்டுல 12ன்னு நம்பர் அடிச்சிருக்கு. இது என்ன?

பாயிண்ட்_செட்

அதான் இந்த டிஸ்ட்ரிபியூட்டர் கொடுக்குற அதிகபட்ச அட்வான்ஸ், டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரியில. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுத்து, அதனால 12ஐ ரெண்டால பெருக்குங்க, கிராங்க்ல 24. அதோட நீங்க நிப்பாட்டி வைக்குற 6 சேர்த்தா 30. கணக்கு சரியா வருது பார்த்தீங்களா.

நசுக்கின ஸ்பிரிங்கை நீங்களே இழுத்து நீட்டாதீங்க, அளவு வராது. உடைஞ்ச லூக்காஸ் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர் ஒண்ணு சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில புடிச்சா ஸ்பிரிங் கிடைக்கும், ஆனா அதுலயும் இதே நம்பர் இருக்கான்னு பார்த்து வாங்குங்க, வண்டிக்கு வண்டி ஸ்பிரிங் மாறும். பூட்டும்போது வெயிட் பின்னுக்கு லேசா எண்ணெய் போதும், கிரீஸ் வேண்டாம். ரோட்டரை எடுத்தா நடுவுல ஒரு ஸ்க்ரூ தலை தெரியும், அதை கழட்டாம அதை சுத்தி ரெண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்க, அது வழியா கீழ இறங்கி கேமுக்கும் தண்டுக்கும் நடுவுல போகும். இருபது வருஷமா அந்த ரெண்டு சொட்டு விழாததுதான் உங்க துருவுக்கு காரணம்.

அப்புறம் வரிசை முக்கியம். முதல்ல பாயிண்ட் இடைவெளி 15 தௌ (இஞ்சுல ஆயிரத்துல 15 பங்கு), அதுக்கு அப்புறம்தான் டைமிங். இடைவெளி கூடினா டைமிங் முன்னாடி போகும், குறைஞ்சா பின்னாடி போகும், அதனால டைமிங் வச்சுட்டு இடைவெளியை தொட்டா திருப்பி முதல்ல இருந்து. புது பாயிண்ட்டோட நார் கட்டை ஆரம்பத்துல தேயும், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப பாருங்க.

30 டிகிரிக்கு கவர்ல பல்லு கிடையாது. புல்லியை சுத்தி நூல் வச்சு அளந்து, அந்த நூலை 12ஆ மடிங்க. ஒரு மடிப்பு அளவு 30 டிகிரி. நாட்ச்ல இருந்து புல்லி சுத்துற திசையில அந்த அளவு தள்ளி வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க. வாக்கும் டியூபை (கார்பரேட்டர்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்றது) கழட்டி அடைச்சுட்டு ரேஸ் பண்ணி லைட் அடிச்சா வெள்ளைக்கோடு நீளப் பல்லுகிட்ட வந்து நிக்கணும், அதுக்கு மேல போகக் கூடாது.

தேவகோட்டை_டாக்சி

நூல் மடிக்குற ஐடியா சூப்பர்ணே. நான் இத்தனை நாள் குத்துமதிப்பா சாக்பீஸ்ல போட்டுக்கிட்டு இருந்தேன்.

பள்ளத்தூர்_மார்க்2

ஸ்பிரிங் கிடைக்க மூணு வாரம் ஆச்சு, அதான் லேட்டு.

பூட்டி நேத்து ஓட்டினோம். ஸ்லோவுல ஆறு டிகிரி, ரேஸ் பண்ணா நாட்ச் ஓடி வெள்ளைக்கோடு கரெக்டா பல்லுக்கு வருது, அடியில படுத்திருந்த பங்காளி கத்தின கத்துல தெருவே வந்துருச்சு. திருமயம் வரைக்கும் போயிட்டு வந்தோம், 70ல சும்மா போகுது, மேனிஃபோல்டு கருப்பாவே இருக்கு, முள்ளு நடுவுல நிக்குது. காலையில ஒரே சுத்துல புடிக்குது, உதைக்கவே இல்ல.

ஒரு குறை மட்டும் பாக்கி. லேசா மிதிச்சு ஒரே சீரா போகும்போது கொஞ்சம் மந்தமா இருக்கு, மைலேஜும் கம்மியா தெரியுது, முழுசா மிதிச்சா சரியாயிருது. கல்யாணத்துக்கு இப்படியே ஓட்டலாமா?

குன்றக்குடி_மயில்

ஊர்வலம்னா ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்றதுதானே, மேளக்காரங்க நின்னு நின்னு வாசிப்பாங்க, அங்க ஹீட்டுதான் பிரச்சனை. ஃபேன் பெல்ட் டைட்டா இருக்கா பாருங்க, போனட் மேல பூவை கட்டி முன் கிரில்லை அடைச்சுறாதீங்க. போன வருஷம் ஒரு வண்டி அப்படித்தான் கோயில் வாசல்லயே கொதிச்சு நின்னுச்சு, மாப்பிள்ளை எறங்கி நடந்து வந்தாரு.

பாயிண்ட்_செட்

கல்யாணத்துக்கு தாராளமா ஓட்டலாம். லேசா மிதிக்கும்போது மட்டும் மந்தம்னா வாக்கும் அட்வான்ஸ் வேலை செய்யல, அதாவது லேசா மிதிக்கும்போது எஞ்சின் உறிஞ்சுற இழுப்புல நெருப்பை இன்னும் முன்னாடி தள்ளுற டப்பா. டியூபை கார்பரேட்டர் பக்கம் கழட்டி வாயில வச்சு உறிஞ்சி நாக்கால அடைங்க, பெட்ரோல் ருசி கொஞ்சம் வரும் பொறுத்துக்கோங்க. பாயிண்ட் தகடு நகர்ந்து அப்படியே நிக்கணும், நிக்காம திரும்பி வந்தா உள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கு.

பள்ளத்தூர்_மார்க்2

உறிஞ்சினா காத்துதான் வருதுண்ணே, தகடு அசையவே இல்ல.

பாயிண்ட்_செட்

அப்போ கிழிஞ்சாச்சு. அந்த வாக்கும் டப்பா மேல மூணு நம்பர் வரிசையா அடிச்சிருக்கும், முதல் ரெண்டும் எந்த வாக்குத்துல ஆரம்பிச்சு எதுல முடியுதுன்னு, மூணாவது எத்தனை டிகிரின்னு. துணியால துடைச்சுட்டு அந்த நம்பரை இங்க போடுங்க, என்கிட்ட பழசு ரெண்டு கெடக்கு, ஒத்து வந்தா காரைக்குடி பஸ்ல குடுத்து விடுறேன்.